அழகுக்குக் காசு கொடுப்பது யார்?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைய சமூகத்தில் கலைக்கும் அழகுக்கும் என்ன மதிப்பு என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நேரம் கொஞ்சம். நான் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன். பெரிய படத்தை ஒரு மூலையிலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம். இன்றைக்கு ஒரு சேலையிலிருந்து தொடங்குகிறேன்.

சுங்குடிச் சேலை. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையால் கட்டிய சுங்குடி வீட்டில் இருந்தால் கொஞ்சம் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பருத்தித் துணியை நகத்தால் துளியூண்டு கிள்ளி, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். அப்புறம் துணியைச் சாயத்தில் முக்குகிறார்கள். நூல் இறுகின இடத்தில் சாயம் ஏறாது. பிரித்தால் அங்கே ஒரு குட்டி வளையம், அதன் நடுவில் ஒரு பொட்டுச் சாயம். விரலால் தடவினால் துணி லேசாகப் புடைத்திருப்பது தெரியும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது.

இந்த முடிச்சுகளைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில், சமையலுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் கட்டுகிறார்கள். கூலி சொற்பம். அதனால் மகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கத் தாய்க்கே மனசு வருவதில்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கடைகளில் சுங்குடி என்று குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி அச்சடித்தது. அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. கோடைக்குச் சுகமாக, குறைந்த விலையில் நாலு சேலை கிடைப்பதும் நல்லதுதானே. என் வீட்டிலும் அதுதான் புழங்குகிறது. ஆனால் கைக்கட்டுச் சேலையின் விலையைக் கேட்டுவிட்டு, ‘ஒரு காட்டன் சேலைக்கா இவ்வளவு?’ என்கிறோமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அழகு வேண்டும், அதற்குப் போகிற நேரத்துக்கு மட்டும் காசு கொடுக்க மாட்டோம் என்றால், அந்தக் காசை வேறு யாரோ கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். இங்கே கொடுப்பது முடிச்சுப் போட்ட அந்த அம்மா.

ஊருக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று விதி. சொல்லப்போனால் இரண்டு மாடிதான். மாசி வீதியில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்துக்காரருக்கு ஆறு மாடி ஹோட்டல் கட்ட ஆசை இருக்காதா? விதியை மீறிய கட்டடங்களைப் பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் வழக்கு போயிருக்கிறது. இருந்தாலும் பழைய மதுரையில் எங்கேயாவது ஒரு மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர் நிமிர்ந்தால் கோபுரம் தெரிகிறது என்றால், அதில் இந்த விதிக்கும் பங்கு உண்டு. அந்தக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது. சாமி கும்பிடாதவருக்கும், வேறு சாமியைக் கும்பிடுகிறவருக்கும் அது தெரியும். அழகைப் பொதுச்சொத்தாக வைத்துக்கொள்ள இந்த ஊர் கொடுக்கிற விலை அது. நியாயமான விலை என்றே நான் சொல்வேன். அந்த வீதியில் எனக்கு இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கொடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. மண்டபத்தைச் சும்மா விடாமல் அங்கே வரிசையாகக் கடைகள் வைத்திருந்தார்கள். சூட்டில் கல் வெடிக்கும். தூண்கள் சிதைந்தன, கூரை சரிந்தது. ஒரு ராத்திரியில் போனதைத் திரும்ப நிறுத்த ஆண்டுக்கணக்கில் வேலை. தோதான கல்லைத் தேட வேண்டும், வெட்டிக் கொண்டுவர வேண்டும், செதுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பணத்தை ஒரே நாளில் ஒதுக்கிவிடலாம். உளி பிடிக்கிற கையை அப்படி ஒதுக்கிக் கொண்டுவர முடியாதே.

அந்தக் கை எங்கிருந்து வரும்? இங்கேதான் என் தொழில் வருகிறது. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு என்று 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிள்ளைகளின் கண்ணுக்கும் கைக்கும் நாம் ஒதுக்கியது அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்த ஒரு பீரியடையும் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும்.

கோபுரம் வரையுங்கள் என்றால் மதுரைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஸ்கேல் வைத்து இரண்டு சாய்வுக்கோடு போட்டு, உச்சியில் கலசத்தைக் குத்திவிடுவார்கள். தினமும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு வருகிற பிள்ளையும் அப்படித்தான் போடும். தெற்குக் கோபுரத்தின் விளிம்பு நேர்கோடே கிடையாது. கீழிருந்து மேலே போகப்போக உள்வாங்கி வளைகிறது. 160 அடி உயரம் கனமாகத் தெரியாமல் எழும்பி நிற்பது அந்த வளைவால்தான். ஸ்கேலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ‘பார்த்துட்டு வந்து போடு’ என்று அனுப்பினால், மறுநாள் வருகிற கோடு வேறு மாதிரி இருக்கும். கோணல்மாணலாக இருக்கும், ஆனால் வளைந்திருக்கும். பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று கூப்பிடுவார்கள். கழிப்பறை, குடிநீர், மார்க் எல்லாம் பேசி முடித்த பிறகு, எழுந்து வருவதற்கு முன்னால், ஓவிய வகுப்பு வாரத்துக்கு எத்தனை பீரியட், அதில் உண்மையிலேயே ஓவியம் நடப்பது எத்தனை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

நன்றி. வணக்கம்.