பூட்டு திறந்துவிட்டது, தம்பி வரமாட்டேன் என்கிறான்! டேபிள்டாப் ஆர்.பி.ஜி-யில் சிக்கல் வைப்பது எப்படி?

வணக்கம். டேபிள்டாப் ஆர்.பி.ஜி என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக, பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டம்; கதையை நடத்துகிறவர்தான் கேம் மாஸ்டர். ஒரு காட்சி சொல்கிறேன், இதில் நீங்கள்தான் கேம் மாஸ்டர். நடுராத்திரி, கோட்டைச் சிறை. திருடி கேரக்டரை ஆடுகிறவர் நான்கு வாரமாக இந்த ஒரு பூட்டுக்காகத்தான் காத்திருக்கிறார், ஏனென்றால் உள்ளே இருப்பது திருடியின் தம்பி. பகடையை உருட்டுகிறார். முழு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, நடுவில் ஒரு எண். மேசையைச் சுற்றி எல்லோரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?

"இருட்டிலிருந்து மூன்று கோப்ளின்கள் பாய்கின்றன" என்று, அதாவது குட்டி அரக்கர்களை அனுப்ப, வாய்வரை வந்துவிட்டதா? அப்படியென்றால் இந்த வீடியோவைக் கடைசி வரை பாருங்கள், உங்களுக்காகத்தான் செய்தேன்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தார்கள். குகைக்குள் நேரம் போகப் போக கேம் மாஸ்டர் பகடை உருட்டுவார், குறிப்பிட்ட எண் விழுந்தால் ஓர் அட்டவணையிலிருந்து அலைந்து திரியும் ஏதாவது ஒரு ஜந்து எதிரே வந்து நிற்கும். அந்த ஆட்டத்துக்கு அது பொருத்தமானது. புதையலோடு உயிரோடு வெளியே வரவேண்டும் என்பதுதான் அங்கே எல்லோருடைய ஆசையும், அதனால் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஆசையின் மேல்தான் கை வைத்தது. நாம் அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டோம், ஆசையை விட்டுவிட்டோம்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

[திரையில்: இரண்டு ஆறுமுகப் பகடைகள், 36 கட்டங்கள்]

2010-இல் பேக்கர் தம்பதி வெளியிட்ட அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்தில் இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கேட்டது கிடைக்கும், 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கேம் மாஸ்டர் பாடு கொண்டாட்டம், 7 முதல் 9 வரை என்றால் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஏதாவது ஒரு விலையோடு. மொத்தம் 36 விதமாக விழலாம், அதில் 15 விதம் இந்த நடு இடத்தில் விழும், அதாவது சுமார் 42 சதவீதம். இப்போது கேரக்டருக்கு +1 திறமை கொடுங்கள், அதாவது கூட்டுத்தொகையோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடு இடம் 16 ஆகிறது, 44 சதவீதம். +2 கொடுங்கள், மறுபடி 15! திறமை ஏற ஏறத் தோல்விதான் குறைகிறது, முழு வெற்றிதான் கூடுகிறது, நடுவில் இருக்கும் அந்த "கிடைத்தது, ஆனால்..." மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. +3 வரும்போதுதான் 12-க்கு இறங்குகிறது. இதை முதல்முறை தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு இரவில் பத்து ரோல் என்றால் ஏறக்குறைய நான்கு முறை நீங்கள் அந்த இடத்திலேயே ஒரு சிக்கலை யோசித்துச் சொல்லவேண்டும். மூன்றாவது முறையிலேயே மண்டை காய்ந்துவிடும், அங்கேதான் கோப்ளின் வருகிறது.

சிறைக்குத் திரும்பிப் போவோம். கோப்ளின் யாருக்கும் வரலாம், அதற்கும் இந்தத் திருடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காவலாளி சத்தம் கேட்டு வருகிறான் என்பது பரவாயில்லை, ஆனால் எந்தப் பூட்டை யார் திறந்தாலும் காவலாளி வருவான். "கதவு திறந்தது, உள்ளே தம்பி இல்லை" என்பது ஆசையைத் தொடுகிறதே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவர் உருட்டி வாங்கியதை நீங்கள் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறீர்கள், அது சிக்கல் இல்லை, அநியாயம்.

இதைக் கேளுங்கள். கதவு திறக்கிறது. தம்பி இருக்கிறான், அக்காவைப் பார்த்து அழுகிறான். அவன் மடியில் நடக்கமுடியாத ஒரு கிழவர். "இத்தனை நாள் தன் சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தவர் அக்கா, இவரை விட்டுவிட்டு வரமாட்டேன்." அவ்வளவுதான். பூட்டு திறந்தது திறந்ததுதான். இனி தூக்கிக்கொண்டு ஓடுவதா, தம்பியை மட்டும் இழுத்துக்கொண்டு போவதா, அவன் அதற்குப் பிறகு அக்காவிடம் பேசுவானா என்று மேசையே விவாதிக்கும். ஒரு எதிரிகூட வரவில்லை, ஆனால் யாரும் போனை எடுக்கமாட்டார்கள்.

இதற்கு ஆடுபவர் என்ன வேண்டும் என்கிறார் என்பது முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பர்னிங் வீல் என்ற ஆட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது: தன் கேரக்டர் எதை நம்புகிறது, அதற்காக என்ன செய்யப்போகிறது என்று ஷீட்டிலேயே எழுதவேண்டும், அந்த வரிகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் கேம் மாஸ்டரின் வேலை. ஃபேட் என்ற ஆட்டத்தில் சிக்கலை நீட்டும்போதே, பிறகு செலவழித்துக்கொள்ள ஒரு ஃபேட் பாயின்டும் சேர்த்து நீட்டுவார்கள், வேண்டாம் என்றால் ஆடுபவர் தன் பாயின்ட் ஒன்றைக் கொடுத்து மறுக்கலாம்.

நீங்கள் எந்த ஆட்டம் ஆடினாலும் ஒரு சின்ன அட்டையில் ஒவ்வொருவரின் ஆசையையும் ஒரு வரியில் எழுதி, அதன் கீழே "இதே பொருள் வேறு யாருக்கு வேண்டும், இது கிடைத்தால் யாருக்கு வலிக்கும்" என்று இரண்டு பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு கேம்பெயின், அதாவது வாராவாரம் தொடரும் ஒரு கதை, நடத்தினேன். அம்மாவின் கப்பல் பட்டறையை மீட்கவேண்டும் என்று ஒரு நண்பர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார், நான் வாராவாரம் கொள்ளைக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் அவர் கேட்டார்: "அந்தப் பட்டறை இன்னும் இருக்கிறதா?" அன்று இரவே உட்கார்ந்து அட்டை எழுதினேன். பட்டறையை இப்போது வைத்திருப்பவர் அவருடைய சித்தி என்று முடிவு செய்தேன், நல்லவர், கடனை அடைத்து அதைக் காப்பாற்றியவரே அவர்தான். அடுத்த வாரம் அந்த நண்பர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

உங்கள் மேசையில் இருக்கும் ஒரு கேரக்டரின் ஆசையைக் கமெண்டில் ஒரே வரியில் எழுதுங்கள். எதிரியே வராத ஒரு சிக்கலை நான் பதிலாகத் தருகிறேன்.