கண்டுகொள்ளத்தான் வேண்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: "கொரியத் தொடர் ஜோடிகளின் வயது வித்தியாசம்: கண்டுகொள்ள வேண்டியதில்லை! கண்டுகொள்ளத்தான் வேண்டும்!" இரண்டாவது அணியின் சார்பில் ஆற்றிய உரை.)

நடுவர் அவர்களுக்கும், ராத்திரி இரண்டு மணி வரை தொடர் பார்த்துவிட்டு இன்று கண் சிவக்க வந்து உட்கார்ந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். "காதலுக்குக் கண்ணே இல்லை என்கிறோம், அதனிடம் போய் ஆதார் அட்டை கேட்கலாமா?" என்றார். வேண்டாம் நண்பரே, கேட்கவே வேண்டாம். நிஜ வாழ்க்கையில் இரண்டு பேர் 20 வயது வித்தியாசத்தில் மனம் ஒத்துக் கல்யாணம் செய்துகொண்டால் அது அவர்கள் பாடு, நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு தொடரில் யாருக்கு யார் ஜோடி என்பதைக் காதல் முடிவு செய்வதில்லை. தயாரிப்பு அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஆதார் அட்டையை நாங்கள் கேட்பது அந்த நாலு பேரிடம்.

வயதைக் கண்டுகொள்ளாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாத ஊர் என்று ஒன்று இருந்தால் அது கொரியாதான். புதிதாகச் சந்திக்கும் இரண்டு பேர் எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நிம்மதியாகப் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒரு வருஷம் மூத்தவர் என்றாலே பேச்சு மாறுகிறது, சாராயம் ஊற்றும் கை மாறுகிறது. "இனி மரியாதையெல்லாம் விட்டுவிட்டு சாதாரணமாகப் பேசலாமா?" என்று ஒருவர் அனுமதி கேட்பதையே காதல் காட்சியாக எடுத்திருக்கிறார்கள், எத்தனையோ தொடர்களில். பிறந்ததும் ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. சட்டப்படி உலக வழக்கத்துக்கு மாறியதே 2023 ஜூனில்தான். அந்த ஊர்க் கதையைப் பற்றி "வயது வெறும் எண்தானே" என்று நாம் இங்கே உட்கார்ந்து சொன்னால், சியோலில் ஒரு பாட்டி விழுந்து விழுந்து சிரிப்பார்.

சரி, வழக்குக்கு வருகிறேன். 2018-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆண்டு, மூன்று தொடர்கள். எங்கள் வாதம் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலாவது 'மிஸ்டர் சன்ஷைன்'. நாயகன் லீ பியுங்-ஹன் 1970-ல் பிறந்தவர். நாயகி கிம் டே-ரி 1990-ல் பிறந்தவர். முழுசாக 20 வருஷம். அந்தத் தொடருக்கு நானும் அழுதவள்தான் நடுவர் அவர்களே, கடைசி அத்தியாயத்து ரயிலை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும். பார்க்காதவர்கள் இருப்பீர்கள், மேலே சொல்ல மாட்டேன். அடிமைக்குப் பிறந்த ஒருவன் 1871-ல் சிறுவனாக அமெரிக்காவுக்குத் தப்பிப்போய், அந்நாட்டு ராணுவ அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பெரிய வீட்டுப் பேத்தி ஒருத்தி துப்பாக்கி தூக்கிய வீராங்கனை. அவர்கள் காதலுக்குக் குறுக்கே சாதி நிற்கிறது, நாடு நிற்கிறது, ஜப்பான் நிற்கிறது. வயது மட்டும் ஓரமாகக்கூட நிற்பதில்லை.

இத்தனைக்கும் கணக்கு கதைக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சிறுவன் தப்பி ஓடிய அன்று, நாயகிக்குப் பின்னாளில் நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை தாய் வயிற்றில் இருக்கிறான்! அந்த மாப்பிள்ளையாக நடித்த பியுன் யோ-ஹன் 1986-ல் பிறந்தவர். நாயகனை விட 16 வயது சின்னவர், நாயகியை விட நாலு வயது பெரியவர். ஆக, பொருத்தமான வயதில் ஆள் கிடைக்காமல் இல்லை. கிடைத்தவரைக் கூட்டிவந்து, காதலில் தோற்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். "அந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம்" என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சகஜம் என்றால் அதையாவது யாராவது ஒரு வேலைக்காரி வாயால் சொல்லவைத்திருக்கலாமே? 24 அத்தியாயத்தில் அந்த வசனம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டாவது, அதே ஆண்டின் 'சம்திங் இன் தி ரெயின்'. நாயகி சொன் யே-ஜின் பிறந்தது 1982, நாயகன் ஜங் ஹே-இன் 1988. வித்தியாசம் ஆறு வருஷம். கொரியத் தலைப்பிலேயே 'அக்கா' வந்து உட்கார்ந்துவிட்டாள். உயிர்த்தோழியின் தம்பியைக் காதலிக்கிறாள் நாயகி. தோழிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒளிந்து ஒளிந்து 16 அத்தியாயம். அம்மா எதிர்ப்பதற்குப் பையனின் குடும்பமும் ஒரு காரணம், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் கதைக்கு நெருப்பு மூட்டியது அந்த வயது வித்தியாசம்தான்.

பார்த்தீர்களா நடுவர் அவர்களே? ஆண் 20 வருஷம் மூத்தவர் என்றால் அது நடிகர் தேர்வு. பெண் ஆறு வருஷம் மூத்தவள் என்றால் அதுவே கதை! வயதைக் கண்டுகொள்ளாதே என்று எங்களிடம் சொல்கிறீர்கள். கண்டுகொள்வது நாங்கள் இல்லை, தொடர்களேதான். ஒரு கண்ணைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

மூன்றாவது 'மை மிஸ்டர்'. இதை எதிரணித் தலைவி தன் துருப்புச்சீட்டாகக் கொண்டுவந்தார். நாயகன் லீ சன்-கியூனுக்கும் நாயகி ஐயூவுக்கும் 18 வயது வித்தியாசம், அதுவே உலகம் கொண்டாடும் தொடராகவில்லையா என்று கேட்டார். அம்மா, அது எங்கள் சீட்டு. எடுத்துக்கொள்கிறேன். அது ஒளிபரப்பாகும் முன்பே கொரியாவில் எதிர்ப்பு கிளம்பியது. மீ டூ பேச்சு அங்கே கொழுந்துவிட்டு எரிந்த மாதங்கள் அவை. நடுத்தர வயது ஆணும் 21 வயதுப் பெண்ணுமா என்று கேட்டார்கள். தொடர் என்ன செய்தது? அந்தக் கேள்வியைத் தலைமேல் வைத்துக்கொண்டே நடந்தது. அவள் அலுவலகத்திலிருந்து காபித்தூள் பாக்கெட்டைத் திருடிக்கொண்டு போய், இருட்டு அறையில் கலக்கிக் குடிப்பாள். அவன் கைப்பேசியை ஒட்டுக்கேட்டு, அவன் நடக்கிற சத்தத்தையும் மூச்சையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் அவளுடைய பாட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறுவான். இவ்வளவு நெருக்கம் வந்த பிறகும் எழுத்தாளர் பார்க் ஹே-யங் அவர்களை ஜோடி சேர்க்கவில்லை. கைகுலுக்கலோடு முடிகிறது. வயதைக் கண்டுகொண்டதால்தான் அது அப்படிப்பட்ட தொடரானது. கொரியாவின் பெரிய கலை விருதான பேக்சங் விருதில், 2019-ல் சிறந்த நாடகமும் அதுதான், சிறந்த திரைக்கதையும் அதுதான்.

பெரிய வித்தியாசமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நான் பார்த்ததிலேயே துணிச்சலான காதல் தொடர் 2014-ல் வந்த 'சீக்ரெட் அஃபேர்'. நாயகி கிம் ஹீ-ஏவுக்கும் நாயகன் யூ ஆ-இன்னுக்கும் 19 வருஷம். கதையில் அவளுக்கு 40, அவனுக்கு 20. அவன் பார்சல் கொண்டுவந்து போடுகிற பையன். ஒரு கலையரங்கத்துக்கு வந்த இடத்தில் யாரும் பார்க்காதபோது மேடைப் பியானோவில் உட்கார்ந்து வாசித்துவிடுகிறான். அவள் ஒரு பணக்காரக் குடும்பத்தின் கலை அறக்கட்டளையை நடத்துகிறவள். பட்டுப்புடவை கட்டாத குறையாக மினுக்குகிற வேலைக்காரி என்று சொல்லலாம். இருவரும் ஷூபர்ட்டின் ஃபேண்டசியை ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிக்கும் காட்சி இருக்கிறதே! தொட்டுக்கொள்ளாமலே அத்தனை சூடு. வாசித்து முடித்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள், அப்புறம் முத்தம் எதற்கு? அந்த 20 வருஷத்தை அந்தத் தொடர் ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை. அவள் இத்தனை காலம் எதற்கெல்லாம் விலைபோனாள் என்பதை, இன்னும் எதற்கும் விலைபோகாத ஒரு பையனைப் பார்த்துத்தான் உணர்கிறாள். கடைசியில் கணக்கு வழக்கையெல்லாம் ஒப்புக்கொண்டு சிறைக்கே போகிறாள். அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. 'மிஸ்டர் சன்ஷைன்' நாயகனுக்கு வயதில் நெருங்கிய ஒரு நடிகையைப் போட்டிருந்தால் என்ன மாறியிருக்கும்? ஒன்றும் மாறியிருக்காது. அதுதான் உறுத்துகிறது.

இப்போது சாகாவரம் பெற்றவர்களிடம் வருவோம். 'காப்ளின்' நாயகனுக்கு 900 வயதுக்கு மேல், அங்கே போய் 12 வருஷத்தைப் பேசுகிறீர்களே என்று கேலி செய்தார்கள். நல்ல கேலி, நானும் சிரித்தேன். ஆனால் அந்த 900 வயதுக்காரருக்கு முகம் கொடுத்த கோங் யூவுக்கு அப்போது 37. பள்ளிச் சீருடையில் வந்த கிம் கோ-இயுன்னுக்கு 25. 2019-ல் 'ஹோட்டல் டெல் லூனா' வந்தது. அதில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள் ஒரு பெண். அவளுக்கு முகம் கொடுத்த ஐயூவுக்கு 26! ஆயுள் எத்தனை நூற்றாண்டு நீண்டாலும் ஆணுக்கு முகம் முதிரலாம், பெண்ணுக்கு முதிரக் கூடாது போலிருக்கிறது. 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்' வேற்றுக்கிரகவாசி நாயகியை விட இளையவராகத்தானே இருந்தார் என்று கேட்பீர்கள். ஆமாம், அங்கே கிம் சூ-ஹ்யுன் ஏழு வயது இளையவர். அதற்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டு மேலே போகிறேன்.

"நம்ம சினிமாவில் இல்லாததா?" என்றும் ஒரு கேள்வி வந்தது. இருக்கிறது. அதனால்தானே இந்தக் கண்ணுக்கு இவ்வளவு பயிற்சி!

கடைசியாக, சந்தை கேட்கிறது, ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று ஒரு பெரிய வாதம். சந்தையையே கூப்பிட்டுச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவோம். டிவிஎன் தொலைக்காட்சியில் 'காப்ளின்' கடைசி அத்தியாயம் எடுத்த பார்வையாளர் அளவு 20.5 சதவீதம். அந்தச் சாதனையை 2020 பிப்ரவரியில் முறியடித்தது எது தெரியுமா? 21.7 சதவீதத்தோடு 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'. ஹ்யூன் பின், சொன் யே-ஜின் இருவரும் 1982-ல் பிறந்தவர்கள். நாயகிதான் சில மாதம் மூத்தவர்! 2022-ல் நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள், நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி நாமும் பூரித்துப் போனோம். 2024-ல் அதையும் 24 சதவீதத்துக்கு மேல் போய்த் தாண்டியது 'குயின் ஆஃப் டியர்ஸ்'. அந்த ஜோடிக்கு நாலு வருஷ வித்தியாசம். சந்தையின் வாக்குமூலம் இதுதான்.

வீடுகளையும் பார்த்துவிடலாம். 2023-ல் அந்த நாட்டில் முதல் திருமணத்தின் சராசரி வயது ஆணுக்கு 34, பெண்ணுக்கு 31.5. இரண்டரை வருஷம்தான் இடைவெளி. முதல் திருமணங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றில் மனைவி மூத்தவர். ஊரில் அக்கம்பக்கத்தில் சாதாரணமாக நடப்பதைத் தொடர் பெரிய புயலாகக் காட்டுகிறது. ஊரில் அபூர்வமாக நடப்பதைச் சத்தம் போடாமல் கடந்துபோகிறது.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணித் தோழருக்கு ஒரே ஒரு கேள்வி. நாயகன் 20 வயது மூத்தவர் என்பதற்காகவே நாயகியின் அம்மா வாசலில் நின்று "இந்த ஆள் வேண்டாம்டி" என்று அழுகிற காட்சி, முதன்மை ஜோடிக்கு, ஏதாவது ஒரு கொரியத் தொடரில் இருந்தால் சொல்லுங்கள். 'எ ஜென்டில்மேன்ஸ் டிக்னிட்டி'யைக் கொண்டுவராதீர்கள். அங்கே 17 வயது வித்தியாசத்தை எதிர்ப்பது அண்ணன், அதுவும் துணை ஜோடி. அப்படி ஒரு தொடரைச் சொல்லிவிட்டால், இன்றைக்கு ராத்திரியே முழுசாகப் பார்த்துவிட்டு நாளைக்கு உங்கள் அணியில் வந்து உட்காருகிறேன். வணக்கம்.