பேச்சுக் குரலும் பாட்டுச் சுருதியும்

எல்லோருக்கும் வணக்கம். பாட்டு ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோர்கள் எல்லோரும் இருக்கிற சபை இது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஒரு பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கிறோம். ஆசிரியர் பெயர் கேட்கிறார், என்ன படிக்கிறாய் என்று கேட்கிறார். பிள்ளை பதில் சொல்கிறது. அந்த இரண்டு வாக்கியத்திலேயே பல இடங்களில் தீர்ப்பு எழுதி முடிந்துவிடுகிறது. மெல்லிய குரல் என்றால், “ஆறு கட்டை வைத்துக்கொள்ளலாம்”. கனத்த குரல் என்றால், “இதற்கு மேல்ஸ்தாயி எட்டாது”. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் சுருதி ஏறும். ஸ்தாயி என்பது ஒரு ‘ச’ முதல் அடுத்த ‘ச’ வரை உள்ள தூரம். பேசுகிற குரலை வைத்துப் பாடுகிற குரலுக்கு எல்லை போடும் இந்தப் பழக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, நல்ல குரல்களை வீணடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் உண்மையான பாதி. வளர்ந்த ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை அதிர்கின்றன. பெண்களுக்கு 180 முதல் 220. சிறு பிள்ளைகளுக்கு 250-க்கு மேலேயும் போகும். இப்போது நம் கர்நாடக இசைக் கச்சேரிச் சுருதியைப் பாருங்கள். ஆண்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் ஒரு கட்டையில் ஷட்ஜம், அதாவது ‘ச’, சுமார் 131 அதிர்வு. பெண்கள் பலர் பாடும் ஐந்தரைக் கட்டையில் சுமார் 208. அதாவது, நம் ஆதார ஷட்ஜம் நாம் பேசும் சுருதிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது! அதிர்வை எண்ணும் கருவி எதுவும் கையில் இல்லாத காலத்திலேயே நம் பெரியவர்கள் காதால் கேட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு இது எப்போது நினைத்தாலும் வியப்புத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலோர் தங்கள் குரலின் அடிமட்டத்திலிருந்து நான்கைந்து சுரஸ்தானம் (ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு உண்டு) மேலே நின்றுதான் பேசுகிறார்கள். நம் கச்சேரிக்குக் கீழே எவ்வளவு தேவை? மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் ‘ப’, வரை. ஷட்ஜத்திலிருந்து அது ஐந்து சுரஸ்தானம் கீழே. கணக்கு அழகாகப் பொருந்துகிறது இல்லையா? ஆகவே, பேச்சைக் கேட்டு ஒருவருடைய மந்தர ஸ்தாயி எதுவரை இறங்கும் என்று ஊகித்தால் அது ஓரளவு சரியாகவே இருக்கும்.

ஆனால் கச்சேரிக்கு வேண்டியது மந்தர பஞ்சமம் முதல் தார பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் ‘ப’, வரை இரண்டு ஸ்தாயி. மொத்தம் இருபத்து நான்கு சுரஸ்தானம். அதில் ஐந்து பேச்சுக்குக் கீழே என்றால் பத்தொன்பது பேச்சுக்கு மேலே. அந்தப் பத்தொன்பதில் பெரும்பகுதியை நாம் பேசும்போது தொடுவதே இல்லை. கோபத்தில் கத்தினால், குழந்தையைக் கொஞ்சினால் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம், அவ்வளவுதான். தொடவே தொடாத இடத்தைப் பற்றிப் பேச்சு என்ன தகவலைச் சொல்லிவிட முடியும்?

இதற்கு உடற்கூறிலேயே காரணம் இருக்கிறது. குரலின் அடிமட்டத்தைத் தீர்மானிப்பது குரல்நாணின் நீளமும் தடிமனும். அது பிறவியிலும் பருவ வளர்ச்சியிலும் வருவது. சாதகம் செய்து பெரிதாக மாற்ற முடியாது. மேலே போவது வேறு சங்கதி. குரல்வளையின் முன்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு தசை சுருங்கி, வீணைத் தந்தியைப் பிரடையில் முறுக்குவதுபோல, நாண்களை இழுத்து நீட்டுகிறது. நாண் நீண்டு மெலிந்து இறுகினால் சுருதி ஏறும். அந்தத் தசைக்குப் பயிற்சி கொடுக்கலாம். மூச்சை அளந்துவிடப் பழகலாம். கழுத்தை இறுக்காமல், கள்ளத்தொண்டை என்னும் பொய்க்குரலுக்குத் தாவாமல் மெல்ல மெல்ல ஏறலாம். ‘அ’காரத்தில் பாடிப் பழகும் அகரசாதகம் என்று விடியற்காலையில் உட்கார வைத்தார்களே, அது பெரும்பாலும் இந்த வேலைதான்.

குரலின் நிறம் என்று இன்னொரு குழப்பம் இருக்கிறது. கனமாகக் கேட்கும் குரல் எல்லாம் தாழ்ந்த சுருதிக் குரல் அல்ல. நாண்கள் எழுப்பும் ஒலி தொண்டைக்குழி, வாய், நாக்கின் அமைப்பு இவற்றின் வழியே வரும்போதுதான் கனமோ மென்மையோ பெறுகிறது. ஒரே சுருதியில் பேசும் இரண்டு பேரில் ஒருவர் குரல் கனமாகவும் இன்னொருவர் குரல் மெல்லியதாகவும் கேட்கும். எஸ். ஜானகி அம்மா குழந்தைக் குரலிலும் பாடியிருக்கிறாரே, அங்கே சுருதியோடு சேர்ந்து வாய்க்குள் வடிவமும் மாறுகிறது. காதுக்குக் கனம் என்று பட்டதை “மேலே போகாது” என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

இந்தத் தவறுக்கு அதிகம் விலை கொடுப்பவர்கள் பெண் பிள்ளைகள். கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசும் பெண்ணிடம் “ஆம்பளைக் குரல்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அப்புறம் அவள் வாயைத் திறக்கவே கூசுகிறாள். அல்லது எல்லோரையும்போல ஐந்தரையில் நிறுத்தி, தார ஸ்தாயியில் நரம்பு புடைக்கப் பாட வைக்கிறார்கள். கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாளின் சாரீரத்தை, அதாவது பாடும் குரலை, கேளுங்கள். கனமான சாரீரம். அந்தச் சாரீரத்தோடுதான் அவர் மேடையில் ராகம் தானம் பல்லவி என்னும் விரிவான, கடினமான பகுதியைப் பாடி, அது ஆண்களுக்கு மட்டும் உரியது என்றிருந்த நினைப்பை உடைத்தார். ஒரு பெண் நான்கரையிலோ நான்கிலோ பாடினால் என்ன குறைந்துவிடும்? பக்கவாத்தியத்தில் தாழ்ந்த சுருதிக்குத் தக்கு சுருதி மிருதங்கம், உயர்ந்த சுருதிக்கு எச்சு சுருதி மிருதங்கம் என்று இரண்டு வகை செய்து வைத்திருக்கிறோம். மனிதக் குரலுக்கும் அந்த இடத்தைக் கொடுக்க வேண்டாமா?

உயர்ந்த சுருதிமேல் நமக்கு வந்த மோகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் புகழ் பெற்றபோது ஒலிபெருக்கி பரவியிருக்கவில்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாட்டு எட்ட வேண்டும். எட்டுகிற குரலே நல்ல குரல் என்று ஆனது அன்றைய தேவை. ஒலிபெருக்கி வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில், விளம்ப காலம் என்னும் மெதுவான நடையில், அவசரமே இல்லாமல் பாடி ஒரு தனி உலகத்தைக் காட்டினார். அவரை யாராவது இரண்டு கட்டைக்கு ஏற்றியிருந்தால் நமக்கு அந்த இசை கிடைத்திருக்காது.

சரி, அப்படியானால் சுருதியை எப்படித் தேர்ந்தெடுப்பது? பேச்சைக் கேளுங்கள், ஆனால் சரியான பேச்சைக் கேளுங்கள். புதிய இடத்தில் பயந்து பேசும் பிள்ளையின் குரல் இயல்பை விட ஏறியிருக்கும். மிடுக்குக்காகக் குரலைக் கீழே அமுக்கிப் பேசும் வாலிபர்கள் உண்டு. பணிவாகத் தெரிய வேண்டும் என்று குரலை உயர்த்தி மெலிதாக்கிக்கொள்ளும் பெண்கள் உண்டு. இரைச்சலான இடத்தில் யாருக்குமே சத்தத்தோடு சுருதியும் கூடிவிடும். ஆகவே ஒரு கதை சொல்லி, பிள்ளையை “உம்” கொட்டச் சொல்லுங்கள். யோசிக்காமல் வரும் அந்த “உம்”தான் அதன் இயல்பான சுருதி. அங்கிருந்து ஒவ்வொரு சுரமாகக் கீழே இறக்குங்கள். ஒலி தெளிவாக இருக்கும் கடைசி இடத்தைக் குறித்து, அதை மந்தர பஞ்சமமாக வைத்துப் பாருங்கள். காலையில் எழுந்தவுடன் பார்க்காதீர்கள், குரல் அப்போது கீழே கிடக்கும். பிறகு மேலே எவ்வளவு வருகிறது என்பதைச் சில மாதம் பாடவிட்டுப் பார்த்து, அரைக் கட்டை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். முதல் நாளில் முடிவு கட்ட வேண்டியதில்லை. சின்னக் குழந்தைகளுக்கு மந்தர பஞ்சமக் கணக்கே வேண்டாம், சரளமாக வருகிற இடத்தில் பாடட்டும்.

பள்ளி ஆசிரியர்களாக இருந்துகொண்டு மாலையில் பாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பகல் முழுவதும் இயல்புக்கு மேலே நின்று கத்திப் பேசினால் நாண்களில் காய்ப்பு வரலாம். அது முதலில் பாட்டின் மெல்லிய மேல் சுரங்களைத்தான் தின்னும். இரண்டு மூன்று வாரமாகத் தொண்டை கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கஷாயத்திலேயே நாளைக் கடத்தாதீர்கள்.

கடைசியாக, பையன்களைப் பெற்றவர்களுக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி மகரக்கட்டு உடையும், அதாவது சிறுவன் குரல் உடைந்து ஆண் குரலாக மாறும். பேச்சுச் சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். பாலர் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் என்னும் நாயக வேடத்திலும் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடத்திலும் பாடி நடித்த எத்தனையோ சிறுவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்தில் வாய்ப்புப் போனது. இன்றும் இந்த வயதில்தான் பையன்கள் பாட்டை விட்டு நிற்கிறார்கள். “குரல் போய்விட்டது” என்று சொல்லாதீர்கள். நாண்கள் நீண்டு தடித்துக்கொண்டிருக்கின்றன. நேற்று ஐந்து கட்டையில் பாடியவனை அதே சுருதியில் பிடித்து நிறுத்தவும் வேண்டாம், வகுப்பையே நிறுத்தவும் வேண்டாம். குரல் பிசிறடிக்காத நான்கைந்து சுரத்துக்குள் மெல்லப் பாடட்டும். தாளம் கற்கட்டும், கேள்வி ஞானம் வளரட்டும். பேச்சு ஒரு நிலைக்கு வந்ததும் “உம்” கொட்டச் சொல்லிப் புதிய ஷட்ஜத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது ஒரு கட்டைக்குப் பக்கத்தில் எங்காவது கிடைக்கும்.