30,000 புகார்கள் சொல்வது என்ன?

நடுவர் அவர்களுக்கும், எதிரணித் தோழிகளுக்கும், அரங்கில் கூடியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

'தேசிய மகளிர் ஆணையத்தின் முதல் கடமை புகார்களைத் தீர்ப்பதா, சட்டங்களைத் திருத்த வைப்பதா?' என்பது தலைப்பு. திருத்த வைப்பதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தோழி, அடி வாங்கிய உடம்போடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். "சட்டத் திருத்தம் வரட்டும், அதுவரை பொறு என்று அவளிடம் சொல்வீர்களா?" என்று கேட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. சொல்ல மாட்டேன். அவளுக்கு இன்று இரவே உதவி வேண்டும். அதனால்தான் அந்த உதவி டெல்லியில் இருக்கும் ஆணையத்திடம் மட்டும் இருந்தால் போதாது என்கிறேன்.

அது அவள் ஊரிலேயே கிடைக்க வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. 181 என்ற உதவி எண் இருக்கிறது. அடிபட்டு வருகிறவர்களுக்கு ஒருங்கிணைந்த சேவை மையம், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர், இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தர மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, மாநிலத்துக்கு ஒரு மகளிர் ஆணையம் என்று எத்தனையோ கதவுகள். இத்தனையும் இருந்தும் ஒரு பெண் டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறாள் என்றால், இந்தக் கதவுகளில் ஏதோ ஒன்று திறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? எந்தக் கதவு, ஏன் திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் தேசிய ஆணையத்தின் வேலை.

ஆணையத்தின் அளவையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு தலைவர், 5 உறுப்பினர்கள், ஓர் உறுப்பினர்-செயலர். அவ்வளவுதான். 2021-இலும் 2022-இலும் அங்கே ஆண்டுக்கு 30,000-க்கு மேல் புகார்கள் வந்தன. விசாரணையின்போது ஆளை வரவழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தின் அந்த அதிகாரங்கள் ஆணையத்துக்கு உண்டு. தண்டனை தர முடியாது. அதனால் பெரும்பாலும் நடப்பது என்ன? புகாரைக் காவல்துறைக்கு அனுப்பி, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்பது. அந்தப் பெண் ஏற்கெனவே ஏறி இறங்கிய அதே காவல் நிலையத்துக்கு அவள் கடிதம் திரும்பிப் போகிறது. ஆணையத்தின் முத்திரையோடு போவதால் சில நேரம் வேலை நடக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவே முதல் கடமை என்றால், ஒரு தேசிய ஆணையம் எதற்கு?

எதற்கு என்பதை ஆணையத்தை உருவாக்கிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருக்கிறது. அதன் 10-ஆம் பிரிவில் ஆணையத்துக்கு 14 பணிகள். பெண்களுக்கான சட்டப் பாதுகாப்புகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வது, சட்டங்களில் ஓட்டை இருந்தால் திருத்தம் பரிந்துரைப்பது, சிறைகளையும் காப்பகங்களையும் பார்வையிடுவது, பல பெண்களைப் பாதிக்கும் வழக்குகளுக்குப் பண உதவி செய்வது என்று அந்தப் பட்டியல் போகிறது. புகார் அதில் ஒன்று. அந்த வரியைக்கூட நிதானமாகப் படியுங்கள். பெண்ணின் உரிமை பறிக்கப்பட்டது, அவளுக்கான சட்டம் நடைமுறைக்கு வரவில்லை, சமத்துவத்துக்கான கொள்கை முடிவு பின்பற்றப்படவில்லை: இவற்றைப் பற்றிய புகார்களைத்தான் அது பேசுகிறது. அதாவது, ஒரு புகார் வந்தால் அதன் பின்னால் நிற்கும் சட்டத்தையும் பார் என்கிறது.

இப்படிப் பார்த்ததால் ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. 1993-இல் டெல்லிக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த வீட்டுவேலைப் பெண்களை ராணுவ வீரர்கள் சிலர் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அந்தப் பெண்களுக்காக டெல்லியின் வீட்டுவேலைப் பெண்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 1994-இல் வந்த தீர்ப்பு அந்த ஒரு ரயிலோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் காவல் நிலையத்திலேயே வழக்கறிஞர் துணை வேண்டும், அவள் பெயர் வெளியே வரக் கூடாது, இழப்பீடு வேண்டும் என்றது. அதற்கான திட்டத்தை வகுக்கும் பொறுப்பை நீதிமன்றம் யாரிடம் கொடுத்தது? தேசிய மகளிர் ஆணையத்திடம். அப்போது ஆணையத்துக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. 1992 ஜனவரியில்தான் அது அமைக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் வகுக்க வேண்டும் என்ற, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு, 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. நடுவில் 15 ஆண்டுகள் போனது எனக்கும் வலிக்கிறது. அந்த 15 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பார்கள்! ஆணையம் புகார்க் கட்டுகளில் மூழ்காமல், அரசை விடாமல் நெருக்கியிருக்க வேண்டிய காலம் அது என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், வெளிநாட்டு மாப்பிள்ளைகள் விஷயம். கல்யாணம் முடிந்து சில வாரங்களில் விமானம் ஏறிய கணவன் தொலைபேசியை எடுப்பதில்லை. சம்மன் அனுப்பினால் முகவரியில் ஆள் இல்லை. இந்தப் புகார்களுக்கு 2009 முதல் ஆணையமே தேசிய ஒருங்கிணைப்பு முகமை. அதற்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. தூதரகத்துக்கு எழுதுகிறது, காவல்துறைக்கு எழுதுகிறது. ஆனால் ஒவ்வொரு கோப்பும் ஒரே சுவரில் முட்டி நிற்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியரின் திருமணத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்யாதவரின் பாஸ்போர்ட்டை முடக்கலாம், நீதிமன்றத்துக்கு வராதவரின் சொத்தை முடக்கலாம் என்று ஒரு மசோதா 2019-இல் மாநிலங்களவைக்கு வந்தது. சட்டமாகாமலே நின்றுபோனது. தோழிகளே, இன்னும் ஆயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருப்பதா, அந்தச் சுவரை இடிப்பதா? அதை இடிக்கத் தேவையான சாட்சியம் அந்தக் கோப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. புகார்களை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வாங்குங்கள், ஒவ்வொன்றையும் படியுங்கள், எந்தச் சட்டம் எங்கே உடைந்திருக்கிறது என்பதற்குச் சான்றாக நாடாளுமன்றத்தின் முன் வையுங்கள் என்கிறேன்.

"ஆணையத்தின் அறிக்கைகள் அலமாரியில் தூங்கும்" என்றும் தோழி சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுப்பும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆணையத்தின் அறிக்கையை அரசு இரு அவைகளிலும் வைக்க வேண்டும். பரிந்துரைகள் மேல் என்ன செய்தோம், எதையாவது ஏற்கவில்லை என்றால் ஏன் ஏற்கவில்லை என்று விளக்கமும் சேர்த்து வைக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று மட்டும் எழுதவில்லை. அந்த ஒரு காலக்கெடுவை எழுத வைத்துவிட்டால், எந்த அமைச்சரும் ஏன் மறுத்தோம் என்று ஊரறியச் சொல்லியே ஆக வேண்டும்.

நடுவர் அவர்களே, கடைசியாக ஆணையத்தின் சட்டத்தில் 16-ஆம் பிரிவு. பெண்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கை முடிவுகள் எல்லாவற்றிலும் மத்திய அரசு இந்த ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அது. வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணின் புகாரைக் காவல் நிலையம் வாங்கும், நீதிமன்றம் வாங்கும். ஒரு சட்டம் எழுதப்படும்போதே அவள் சார்பில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசும் உரிமையைச் சட்டம் வேறு எந்த மகளிர் அமைப்புக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறது? எதிரணி அதற்குப் பதில் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.