வாங்கிய பிறகு முடிவெடுப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பெரிய பொழுதுபோக்கு நிறுவனம் சின்ன அனிமேஷன் ஸ்டூடியோ ஒன்றை வாங்கிவிட்டது என்று செய்தி வந்தால், எத்தனை கோடி டாலர் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி வேறு. நாளைக்கு அங்கே ஒரு படத்தைத் தொடங்கலாமா, பாதியில் நிறுத்தலாமா என்று முடிவெடுக்கப் போவது யார்?

எல்லோருக்கும் தெரிந்த பிக்சாரையே எடுத்துக்கொள்வோம். 2006 ஜனவரியில் அதை 740 கோடி டாலருக்கு வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது. ரொக்கம் கிடையாது, முழுக்கப் பங்குப் பரிமாற்றம். பிக்சாரின் பங்குகளில் பாதியை வைத்திருந்த ஸ்டீவ் ஜாப்ஸ், அதனால் டிஸ்னியின் மிகப் பெரிய தனிநபர் பங்குதாரர் ஆனார். 1986-ல் அவர் லூகாஸ்பிலிம் என்ற திரைப்பட நிறுவனத்தின் கணினிப் பிரிவை 50 லட்சம் டாலருக்கு வாங்கி, மேலும் 50 லட்சம் முதலீடு போட்டுத் தொடங்கிய கம்பெனிதான் பிக்சார்.

ஆனால் இந்த வியாபாரத்துக்கு முந்தைய இரண்டு வருடங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிக்சார் படம் எடுக்கும், டிஸ்னி விநியோகிக்கும் என்பதுதான் அதுவரை இருந்த ஏற்பாடு, ஆனால் கதாபாத்திரங்களும் அடுத்தடுத்த பாகங்களை எடுக்கும் உரிமையும் டிஸ்னியின் கையில் இருந்தன. 2004-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு முறிந்ததும், பிக்சார் இல்லாமலேயே பிக்சார் படங்களின் அடுத்த பாகங்களை எடுக்க சர்க்கிள் செவன் என்று தனி ஸ்டூடியோ ஒன்றை டிஸ்னி ஆரம்பித்தது. யோசித்துப் பாருங்கள், வருடக்கணக்காக உட்கார்ந்து ஒரு பொம்மைக்கு நடையும் குரலும் குணமும் கொடுத்தவர்கள், அதே பொம்மையின் அடுத்த கதையை முகம் தெரியாத வேறு யாரோ எழுதுவதை வேடிக்கை பார்க்க வேண்டும், சட்டப்படி அதில் தவறும் இல்லை! இரண்டு நிறுவனங்களும் ஒன்றானதும் சர்க்கிள் செவன் மூடப்பட்டது.

டிஸ்னியின் மனம் மாறக் காரணம், 2005-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த பாப் ஐகர். அதே வருடம் ஹாங்காங் டிஸ்னிலேண்ட் திறப்பு விழா அணிவகுப்பைப் பார்த்தபோதுதான் புரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய பத்து வருடங்களில் வந்த பாத்திரங்கள் என்று பார்த்தால், எல்லாமே பிக்சாரிலிருந்து வந்தவையாக இருந்தன. சரி, அப்படியென்றால் வாங்க வேண்டியது அந்தப் பாத்திரங்களை மட்டும் அல்ல, அவற்றை உருவாக்கத் தெரிந்த ஆட்களையும் அவர்கள் வேலை செய்யும் விதத்தையும். அதனால்தான் பேச்சுவார்த்தையில், பிக்சாரில் எவையெல்லாம் மாறக்கூடாது என்று ஒரு பட்டியலே எழுதப்பட்டது. ஊழியர்களை ஒப்பந்தத்தில் கட்டிப்போடக் கூடாது, வாசலில் பிக்சார் பெயர்ப்பலகை அப்படியே இருக்க வேண்டும், மின்னஞ்சல் முகவரிகூட மாறக்கூடாது. கேட்க அற்பமாகத் தெரியலாம். எனக்கு அந்தப் பட்டியல்தான் 740 கோடியைவிடப் பெரிய விஷயம்.

அதோடு நிற்கவில்லை. வாங்கப்பட்ட பிக்சாரை வழிநடத்திய எட் கேட்முல்லும் ஜான் லாசெட்டரும், வாங்கிய டிஸ்னியின் அனிமேஷன் பிரிவுக்கும் சேர்த்தே பொறுப்பேற்றார்கள். இரண்டு ஸ்டூடியோக்களையும் ஒன்றாகக் கலக்கவில்லை, ஒன்றின் படவேலையை இன்னொன்று செய்து கொடுக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். இயக்குநர்களுக்கு மேலே உட்கார்ந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருந்த அதிகாரிகளின் அடுக்கையும் டிஸ்னியில் எடுத்துவிட்டார்கள். துவண்டு கிடந்த அந்தப் பிரிவு 2013-ல் 'ஃப்ரோசன்' எடுத்து, உலக அளவில் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் சில மனிதர்களை நம்பி நின்றது. அவர்கள் இருவரும் விலகிய பிறகு, பெருந்தொற்று சமயத்தில், பிக்சாரின் மூன்று படங்கள் அமெரிக்காவில் தியேட்டருக்குப் போகாமல் நேராக ஸ்ட்ரீமிங்குக்குப் போயின. 2024-ல் அங்கே ஏறக்குறைய 175 பேர் வேலை இழந்தார்கள்.

ப்ளூ ஸ்கை கதை இன்னும் வலிக்கும். 1987-ல் தொடங்கிய ஸ்டூடியோ அது, கணினியில் செய்த உருவங்களைத் திரைப்படக் காட்சியாக மாற்றும் ரெண்டர் மென்பொருளைத் தனக்கென்று சொந்தமாக எழுதிக்கொண்ட இடம், 'ஐஸ் ஏஜ்' அவர்களுடையது. பிறகு அது ஃபாக்ஸ் கைக்குப் போனது, 2019-ல் ஃபாக்ஸின் திரைப்பட, தொலைக்காட்சிச் சொத்துகளை டிஸ்னி 7,130 கோடி டாலருக்கு வாங்கியபோது மூட்டையோடு மூட்டையாக இதுவும் சேர்ந்து வந்தது. ப்ளூ ஸ்கை வேண்டும் என்று யாரும் தேடிப்போய் வாங்கவில்லை, அதனால் அதற்காகப் பட்டியல் எழுதிக் காப்பாற்றவும் ஆள் இல்லை. 2021-ல் பெருந்தொற்றின் பொருளாதாரப் பாதிப்பைக் காரணம் சொல்லி மூடினார்கள், சுமார் 450 பேர் வெளியே வந்தார்கள். அடுத்த வருடமே 'ஐஸ் ஏஜ்' பாத்திரங்களை வைத்து இன்னொரு படம் வந்தது, வேறொரு ஸ்டூடியோவின் அனிமேஷனில்.

விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. 2023-ல் ஜப்பானின் அனிமேஷன் ஸ்டூடியோவான ஜிப்லி, அந்நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான நிப்பான் டிவியின் துணை நிறுவனமாக மாறியதற்குக் காரணம், அடுத்து யார் நடத்துவது என்ற கேள்வி. நிறுவனர்களுக்கு வயதாகிவிட்டது, பொறுப்பான ஒரு கை தேவைப்பட்டது. அது நியாயமான காரணம்தான்.

ப்ளூ ஸ்கை மூடியபோது 'நிமோனா' என்ற படம் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. டிஸ்னி அதைக் கைவிட்டது, வேறு தயாரிப்பாளர்கள் எடுத்து முடித்தார்கள், 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியாகி ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஸ்டூடியோ நடத்துகிற நண்பர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒன்று சொல்கிறேன். விற்பதற்குக் கையெழுத்துப் போடும் முன், கிடப்பில் போடப்படும் படத்தை இத்தனை மாதத்துக்குள் வேறு இடத்துக்கு எடுத்துப்போகலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த வரியை வாங்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.