கடைசிக் கட்டத்தை விரலால் மூடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாளிதழில் சித்திரத் தொடரைப் பார்த்ததும் கண் நேராகக் கடைசிக் கட்டத்துக்குத் தாவிவிடுகிறது. சிரிப்பு வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். முதல் கட்டம் இடத்தையும் ஆளையும் காட்டும். நடுக்கட்டங்கள் நம்மை ஒரு பக்கமாக நம்பவைக்கும். கடைசிக் கட்டம் அந்த நம்பிக்கையைக் கவிழ்க்கும். ஆகவே அதை விரலால் மூடிக்கொண்டு படியுங்கள். வசனத்துக்கு முன்பே படத்தைப் பாருங்கள்.

சிலேடைத் துணுக்குக்கு இது இன்னும் முக்கியம். உச்சி வெயில், மேடை, ஒலிபெருக்கி என்று ஒரு படத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். "தலைவர் எப்போ பேசுவார்?" என்று ஒருவர் கேட்கிறார். "மாலை வந்ததும் பேசுவார்" என்கிறார் தொண்டர். கேட்டவர் பொழுது சாயட்டும் என்று நிழலில் படுத்துத் தூங்கிவிடுகிறார். கடைசிக் கட்டத்தில் அதே உச்சி வெயில். தலைவர் கழுத்தில் பூமாலை, பேச்சு நடக்கிறது, நம் ஆள் குறட்டையில் இருக்கிறார். 'மாலை' இரண்டு பொருளிலும் அந்த வாக்கியத்தில் பிசகாமல் உட்காருகிறது, அதனால்தான் துணுக்கு நிற்கிறது. முதல் கட்டத்தில் ஒரு பூக்கூடையை வரைந்தால் குட்டு உடைந்துவிடும். 'மாலை நேரம் வந்ததும்' என்று ஒரு சொல் கூட்டினாலும் போச்சு.

சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதால் இது செம்மொழிச் சிலேடை. சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் வருவது பிரிமொழிச் சிலேடை. மரப் 'பலகை', கூட்டத்தில் உயரும் 'பல கை' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் நடுவே இடைவெளி விட்டால் ரகசியம் வெளிப்படும். வானொலியிலோ வாயைத் திறந்ததுமே வெளிப்பட்டுவிடுகிறது: முதலாவதில் ககரம் மெலிந்து ஒலிக்கிறது, இரண்டாவதில் அழுந்தி ஒலிக்கிறது. கண்ணுக்கு மட்டுமே உரிய சிலேடை இது. மொழிபெயர்த்த தொடர்களில் சிலேடை உப்புச்சப்பில்லாமல் போவதற்கும் காரணம் உண்டு. படம் முன்பே வரைந்தாகிவிட்டது; அதற்குப் பொருந்தும் புதிய சிலேடையைத் தேடாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடுகிறார்கள்.

இனி அரதப்பழசான விஷயங்கள். ஒற்றைத் தென்னை நிற்கும் தீவு, திரி எரியும் உருண்டைக் குண்டு, கோடு போட்ட சட்டைத் திருடன், தலைக்கு மேல் எரியும் பல்பு. இவை இன்னும் உயிரோடிருப்பதற்குக் காரணம் ஓவியரின் சோம்பல் அல்ல, கட்டத்தின் அளவு. இரண்டு அங்குல அகலத்தில் விளக்கம் எழுத இடமில்லை. பார்த்தவுடன் புரிகிற அடையாளம் வேண்டும்.

ஒரே நகைச்சுவை திரும்பத் திரும்ப வருவதும் குறை என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் ஹெரிமனின் 'கிரேஸி கேட்' என்ற சித்திரத் தொடர் 1913 முதல் 1944 வரை வந்தது. எலி பூனையின் தலையில் செங்கல்லை எறியும். பூனை அதை அன்பின் அடையாளம் என்று பூரித்துப்போகும். காவலரான நாய் எலியைப் பிடித்து அடைக்கும். செங்கல் வரும் என்பது தெரியும். இன்று எந்த வழியாக வருகிறது என்பதில்தான் சுவை.

எல்லாப் பழசையும் ரசிக்கத் தேவையில்லை. கணவனை மனைவி பூரிக்கட்டையால் அடிக்கும் துணுக்குகளை நான் இப்படிச் சோதிப்பேன்: கட்டையை மனத்தால் அழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பேன். பெரும்பாலானவற்றில் ஒன்றும் மிஞ்சாது. 1913-இல் ஜார்ஜ் மெக்மானஸ் தொடங்கிய 'பிரிங்கிங் அப் ஃபாதர்' தொடரில் மிஞ்சும். திடீர்ப் பணக்காரரான கட்டடத் தொழிலாளிக்குப் பழைய கூட்டாளிகளோடு சீட்டாட ஆசை. மனைவிக்கோ மேட்டுக்குடியில் இடம் பிடிக்க ஆசை. கட்டை இல்லாமலும் அந்த இழுபறி சிரிக்கவைக்கிறது.

பழைய ஞாயிற்றுக்கிழமைத் தொடர்களைத் தொகுப்பாகப் படிப்பவர்களுக்கு இன்னொன்று. பலவற்றில் மேல்வரிசையின் ஓரிரு கட்டங்கள் கதையோடு ஒட்டாமல் தனித் துணுக்காக இருக்கும். இடம் போதாத பத்திரிகைகள் அந்த வரிசையை வெட்டிவிடும் என்பதால் ஓவியர்கள் கதைக்கு அவசியமானதை அங்கே வைக்கமாட்டார்கள். அதைத் தனியாகச் சிரித்துவிட்டு, இரண்டாம் வரிசையிலிருந்து கதையைத் தொடங்குங்கள்.