பள்ளிகளைத் தாங்கிய கடைத்தெரு

வணக்கம் நேயர்களே.

அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏறினால் ஒரு குகைத்தளம் இருக்கிறது. துறவிகள் படுத்துறங்கப் பாறையிலேயே செதுக்கிய படுக்கைகள், அருகில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள். அந்த எழுத்துகளில் யார் பெயர் இருக்கிறது தெரியுமா? உப்பு வணிகன் வியகன். பாணித வணிகன் நெடுமலன், அதாவது பாகு விற்றவர். கொழு வணிகன் இளசந்தன், ஏருக்குக் கொழு விற்றவர். பொற்கொல்லர் ஒருவரும் உண்டு. மதுரைக் கடைத்தெருவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர்கள் இவர்கள். அரசர்கள் பெயரையே கல்லில் தேடிப் பழகிய நமக்கு இது பெரிய செய்தி என்று நினைக்கிறேன்.

அரசர் பெயர் இல்லாமலும் இல்லை. மாங்குளம் மலையில் கணிநந்தன் என்ற துறவிக்கு பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், வெட்டிக் கொடுத்திருக்கிறான். 1882இல் ராபர்ட் சுவெல் கண்டெடுத்த கல்வெட்டுகள் அவை, காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பார்கள். அதே மலையில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் சேர்ந்து கொடுத்த கொடை பதிவாகியிருக்கிறது. மேலூர்ச் சாலையில் இருக்கும் வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்று ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். பஸ்ஸில் போகும்போது எத்தனை முறை அந்த ஊரைக் கடந்திருப்போம்!

இவை சமணர் பள்ளிகள். பௌத்தப் பள்ளியும் மதுரையில் இருந்தது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நகரின் வழிபாட்டிடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். அதில் ஒரு பள்ளிக்குப் பெண்கள் நகை பூட்டிய தம் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, பூவும் புகையுமாக வந்து தொழுகிறார்கள். அது பௌத்தப் பள்ளி என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதுகிறார். இன்று அந்த இடத்தைக் கைகாட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் கோயிலுக்குப் போகிற அந்தத் தாய்மாரை நமக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் பௌத்தக் காப்பியமான மணிமேகலை. அதை எழுதிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், தானியம் விற்றவர். அவர் காட்டும் ஆபுத்திரன் மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் முன்றிலில் தங்குகிறான். ஊருக்குள் பிச்சை எடுத்து வந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், நோயாளி, ஆதரவற்றவர் எல்லோரையும் கூப்பிட்டு உண்ணச் செய்துவிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிடுகிறான். இரவில் அந்தத் திருவோடுதான் தலைக்கு அணை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வருவது அதற்குப் பிறகுதான். தெய்வம் தருவதற்கு முன்பே அவன் சோறு போட ஆரம்பித்துவிட்டான் என்பதைச் சாத்தனார் விட்டுவிடாமல் சொல்கிறார். பசி இன்னதென்று அறிந்து தானியம் விற்ற ஒருவரால்தான் இப்படி எழுத முடியும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

துறவிகளுக்கு ஊர் ஏன் தேவைப்பட்டது? மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்கக் கூடாது, ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது சமணம், பௌத்தம் இரண்டுக்கும் பொதுவான விதி. தங்கினால் மழைக்குக் கூரை வேண்டும். அதனால்தான் இந்தக் குகைகளின் வாய்க்கு மேலே பாறையை நீளமாகக் காடி வெட்டி வைத்திருக்கிறார்கள்; சரிந்து வரும் தண்ணீர் உள்ளே புகாமல் ஓரமாக வடிந்துவிடும். அடைமழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள், இன்றும் பல இடங்களில் அந்தக் காடி வேலை செய்கிறது.

ஊர் கொடுத்ததற்குப் பள்ளிகள் படிப்பைத் திருப்பிக் கொடுத்தன. கீழக்குயில்குடி சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளைப் படித்தால், குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். அதே மலையில் செட்டிப்புடவில் இருக்கும் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் ஞானி) சிற்பமும் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களும் அந்தக் காலத்தவை. இன்று மலையடிவாரத்தில் அய்யனார் கோயில் இருக்கிறது, எதிரே தாமரைக் குளம். பொங்கல் வைக்க வருகிற ஊர்க்காரர்கள் தங்கள் சாமியோடு சேர்த்து இந்த மலையையும் தங்களுடையதாகவே பார்க்கிறார்கள்.

இந்த உறவு வெறும் பேச்சு இல்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் பல குன்றுகளைத் தின்று தீர்த்ததை எல்லோரும் பார்த்தோம். அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டுகளும் தீர்த்தங்கரர் சிற்பமும் பாறையைக் குடைந்து எடுத்த பாண்டியர் குடைவரைக் கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. 2022இல் அங்கே ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். அதன் பிறகும், அந்த ஊரையும் உள்ளடக்கிய பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சமணர் மலைக்கும் அரிட்டாபட்டிக்கும் கூட்டிப் போங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தடவ விடாதீர்கள், பெயர் கிறுக்க விடாதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுனையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்று அவர்தான் சொல்வார்.

நன்றி, வணக்கம்.